ஜன்னத்தின் வலது காது

டப்பாவைத் திறந்ததும் சிவப்பும் நீலமும் மாறி மாறி மினுங்கியிருக்க வேண்டும். ஜோடியைத் தேடும்போது அது அப்படித்தான் மினுங்கும். ஆனால் அந்தச் சின்னக் கறுப்பு டப்பாவுக்குள், இடது குழியில் தனியாகப் படுத்திருந்த இயர்பட்டில் வெள்ளை விளக்கு ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது. ஜோடி சேர்ந்தாகிவிட்டது என்று சொல்கிற விளக்கு. வலது குழி காலி.

நவ்ரீன் மூடியை மூடித் திறந்தாள். மறுபடி மூடித் திறந்தாள். வெள்ளைதான்.

அது அவளுடையதில்லை, அக்கா ஜன்னத்துடையது. இருவரும் ஒரே பாயில் படுத்து, ஆளுக்கொன்றாகக் காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடியே தூங்கிப்போவார்கள். வலது ஜன்னத்துக்கு, இடது நவ்ரீனுக்கு. பாட்டு எப்போது நின்றது என்று எந்த ராத்திரியும் இருவருக்கும் தெரியாது. போன மாதம் ஒரு விடியற்காலை நவ்ரீன் கண் விழித்தபோது அக்கா வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தோளைத் தொட்டு உலுக்கினாள். தோள் சில்லென்றிருந்தது. சின்ன வயதிலிருந்தே இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, கனமானதைத் தூக்காதே, ஓடாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் தூக்கவுமில்லை, ஓடவுமில்லை. தூங்கினாள், அவ்வளவுதான்.

கை எட்டும் தூரத்தில் ஒரு உயிர் போயிருக்கிறது, அது தெரியாமல் பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறோம் என்ற நினைப்பு அன்றிலிருந்து நவ்ரீனைச் சும்மா விடவில்லை. கூப்பிட்டிருப்பாளா? கையைப் பிடித்திருப்பாளா? தனியாகவா போனாள்?

இறந்தவளுக்காக ஓதுகிற நாற்பதாம் நாள் ஃபாத்திஹா நெருங்கியது. அன்றைக்கு ஜன்னத்தின் துணிமணி, கைப்பை, செருப்பு எல்லாவற்றையும் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நவ்ரீன் கேட்டது இந்த டப்பா ஒன்றைத்தான்.

"ஒத்த காது மெசின வெச்சிகினு இன்னாடி பண்ணப்போற?"

"இன்னொன்னு வாங்கி ஜோடி சேத்துக்கறேம்மா."

"இதுக்கு ஜோடி தேடி அலையிற. உனக்கு ஒன்னு பாக்கலாம்னா மட்டும் பாத்ரூம்ல பூந்துக்கற."

அம்மா சிரிக்கத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் கையிலிருந்த மஞ்சள் துப்பட்டாவை முகத்தில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வலது இயர்பட் சாவு வீட்டுக் களேபரத்தில் பாய், தலையணையோடு சேர்ந்து எங்கோ போயிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நினைத்தார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு. அதைப் பற்றி யாருக்கும் நினைப்பே இல்லை.

டோல்கேட் சிக்னலுக்குப் பக்கத்தில், துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் மூச்சிரைத்து நிற்கிற இடத்தில், மெட்ரோ தூணின் நிழலில் ஒண்டிக்கொண்டிருந்தது பெனிட்டோவின் செல்போன் கடை. மதியம் மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மணலிப் பக்கத்திலிருந்து அழுகின முட்டை வாடையும் காசிமேட்டிலிருந்து மீன் வாடையும் ஒன்றாகக் கலந்து வீசினால் மழை வரும் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

பெனிட்டோ அதே கம்பெனி வலது இயர்பட் ஒன்றைப் பழைய சரக்கிலிருந்து தேடியெடுத்து, டப்பாவின் காலிக் குழியில் வைத்தான். அது சிவப்பும் நீலமுமாகப் படபடத்தது. இடது, வெள்ளையாகவே நின்றது.

"தோ பாரு, நாத்தனாரும் அண்ணியும் மேரி மூஞ்ச திருப்பிகினு கீதுங்க," என்றான். "இரு, ரீசெட் அடிச்சா பழசெல்லாம் மறந்துடும்."

டப்பாவின் அடியிலிருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தான். இரண்டும் அணைந்தன. புதியது மறுபடி மினுங்க ஆரம்பித்தது. இடது ஒரே ஒரு தரம் நீலமாகக் கண் சிமிட்டிவிட்டு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தது போல, வெள்ளைக்கு வந்து நின்றது.

பெனிட்டோ அவள் போனில் இருந்த இயர்பட்டின் பெயரை அழித்தான். ப்ளூடூத்தையே அணைத்தான். மறுபடி பொத்தான். அதே வெள்ளை.

"ந்தாம்மா, ஒன்னு கேக்கறேன். இத்தோட பழைய ரைட்டு எங்க?"

"தொலஞ்சி போச்சிண்ணா."

"தொலஞ்சி எத்தினி நாள் ஆவுது?"

"அக்கா போன அன்னிக்கி."

அவன் தலையைச் சொறிந்தான். "அஞ்சு மணி நேரத்துக்கு மேல சார்ஜி நிக்காதே. ஆனா இது இன்னாமோ அத்தோடதான் கனெக்சன்ல கீது. ஜோடி பக்கத்துல ஆன்ல கீற மேரி காட்டுது. பேஜாரா கீதே இது."

இடதை எடுத்துத் துடைத்துத் தன் காதில் வைத்தான். சிரிப்பு பாதி முகத்தில் அப்படியே நின்றது. ரோட்டில் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்து நகர்ந்தது. அவன் திரும்பவில்லை. பிறகு மெதுவாகக் கழற்றி, சட்டையில் இரண்டு தடவை துடைத்து, டப்பாவில் வைத்து மூடினான்.

"இன்னாண்ணா கேக்குது?"

"ஒன்னுமில்ல. மைக்கு போயிருக்கும். சலசலன்னு கீது." அவள் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. "பழசு கெடச்சா எட்த்துனு வா. ரெண்டையும் ஒன்னா பெட்டில போட்டாதான் பிரிச்சி உட முடியும். கெடைக்கலியா, இத்த தூக்கி கடாசிட்டு புது செட்டு வாங்கிக்க. சொல்ட்டேன்."

வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வரிசையில் மூன்றாவது வீடு, மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறையும் அடுப்படியும். கரண்ட் இல்லை. அம்மா பக்கத்து வீட்டில் இருந்தாள். அறையில் ஜன்னத்தின் மூட்டை சுவரோரம் உட்கார்ந்திருந்தது. தேங்காய் எண்ணெயும் ரோஜாப் பவுடரும் கலந்த அவள் வாசனை, மழையின் ஈரத்தில் மூட்டையிலிருந்து எழுந்து அறை முழுக்க நடமாடியது. நவ்ரீன் தரையில் உட்கார்ந்து இடதைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒன்றுமில்லாததற்கும் ஒரு கனம் இருப்பது தெரிந்தது. தலைமேல் நான்கைந்து கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு படுத்தால் கேட்குமே, அப்படிப்பட்ட அடைத்த மௌனம். அதற்கு வெகு மேலே, எங்கோ, மழை. ஓட்டில் விழுகிற மழையில்லை, தகரத்தில் விழுகிற மழையுமில்லை. எதன் மீதோ விழுந்து, ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வருகிற மழை. நடுநடுவே ஒரு பொடித்த உதிர்வு, சர்க்கரையைத் தாளில் கொட்டுவது போல. ஒரு சொட்டு. அப்புறம் நேரம் கழித்து இன்னொரு சொட்டு, பக்கத்தில், மிகப் பக்கத்தில், துணிமேல் விழுந்தது போல.

அவள் போனைப் பார்த்தாள். ப்ளூடூத் அணைந்தே இருந்தது.

அப்போது ரயில் வந்தது.

தண்டவாளம் அதிர, நீளமாக, பெட்டி பெட்டியாகக் கூட்ஸ் வண்டி அவள் தலைக்கு மேல் போனது. நவ்ரீன் காதிலிருந்ததைப் பிடுங்கினாள். அறையில் மழைச் சத்தம் மட்டும். அவர்கள் தெருவுக்கு அருகில் ரயில் பாதை கிடையாது. மறுபடி மாட்டினாள். ரயில் இன்னும் போய்க்கொண்டிருந்தது. அதன் அதிர்வில் மண் உதிர்ந்துகொண்டிருந்தது.

துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் லைன் எதை ஒட்டிப் போகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஜன்னத்தின் ஜனாஸாவைத் தூக்கிப்போய் அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வந்து பேசிக்கொண்டார்கள்: கபர்ஸ்தான் சுவரை ஒட்டி ஒரு கூட்ஸ் வந்து நின்றுவிட்டது, ஓதினது எதுவும் கேட்கவில்லை என்று.

அவள் விரலுக்குத் தானாகவே அது நினைவு வந்தது. வலது கை ஆள்காட்டி விரல்.

ஜன்னத்தைக் குளிப்பாட்டின பலகை. சுற்றிப் பிடித்த போர்வை. கற்பூரம் கரைத்த தண்ணீரின் வாசனை, சாம்பிராணிப் புகை. இரண்டு தெரு தள்ளியிருந்து வந்திருந்த ஃபிர்தௌஸ் பெரிம்மாதான் இறந்துபோன பெண்களின் மையத்தைக் குளிப்பாட்டுகிறவர். தலைமாட்டில் நின்ற நவ்ரீனிடம் பஞ்சைக் கொடுத்து, "காதுல தண்ணி பூராம அடைம்மா. பைய வைய்யி. அழுத்தாத, அவளுக்கு வலிக்கும்," என்றார். நவ்ரீன் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இடது காதில் பஞ்சு மெதுவாக உள்ளே போனது. வலது காதில் போகவில்லை. முடி ஒட்டிக் கிடந்த காதுக்குள் விரல் நுனியில் ஏதோ கெட்டியாக முட்டியது. செத்தவர்களுக்குக் காதும் விறைத்துப்போகும்போல என்று நினைத்தாள். அதன் மேலேயே பஞ்சை வைத்தாள். அழுத்தினாள்.

அழுத்தினாள்.

தம்பி தவ்ஃபீக், கண்டெய்னர் யார்டில் வேலை முடிந்து நனைந்துபோய் வந்தபோது அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டான்.

"லூசாக்கா நீ? அது ஒரு மெசினு. பேட்டரி இருந்தா பாடும், இல்லன்னா மூடிகினு கெடக்கும்."

"கேளேன்."

"நான் கேக்கல."

"ஒரே ஒரு வாட்டிடா."

"வாணாங்கறேன்ல!" கத்தியவனின் கண் கலங்கியது. "நான் கபுர்ல எறங்கி அவள படுக்க வெச்சேன்க்கா. முகத்த கிப்லா பக்கம், மேற்கால திருப்பி வெச்சது நானு. வலப்பக்கமா. உனுக்கு இன்னா வேணும் இப்ப? தோண்ட சொல்றியா? அது பாவம், தெரியுமில்ல?"

"தோண்ட சொல்லல. அங்க போயி ஒரு ஃபாத்திஹா ஓது. நான்தான் பாக்காம வெச்சிட்டேன்னு அவ கிட்ட சொல்லு. போன் கட் பண்ணாத. நான் கேட்டாண்ட நிக்கிறேன்."

"மக்ரிப் ஆவப் போது. இருட்டிக்கும்."

"தவ்ஃபீ. அவ முழிச்சிகினு கீறாளா தூங்கறாளான்னு எனக்குத் தெரியணும்."

அவன் பைக் சாவியை எடுத்தான்.

கபர்ஸ்தான் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நவ்ரீன் நின்றாள். அவர்கள் ஜமாஅத்தில் பெண்கள் அந்தக் கேட்டைத் தாண்டுவதில்லை. அக்காவின் கபுர் எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. மழை தூறலாக இளைத்திருந்தது. உள்ளே தவ்ஃபீக்கின் வெள்ளைச் சட்டை, செடிகளுக்கும் கபுர்களின் தலைமாட்டு மீசான் கற்களுக்கும் நடுவில் சின்னதாகிக்கொண்டே போனது. வலது காதில் போனை வைத்துக்கொண்டாள். இடது காதில் அது இருந்தது.

போனில் அவன் மூச்சும் சேற்றில் செருப்பு சொதசொதப்பதும் கேட்டன.

இடது காதிலும் கேட்டது. மேலிருந்து. தொம். தொம். தொம். ஒவ்வொரு அடிக்கும் மண் உதிர்ந்தது.

"வந்துட்டேன்க்கா," என்றது போன்.

*வந்துட்டேன்க்கா,* என்றது இடது, பல கம்பளிகளுக்கு அப்பாலிருந்து.

நவ்ரீன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஓத ஆரம்பித்தான். இரண்டு காதிலும் ஒரே ஓதல், ஒன்று காற்றில், ஒன்று மண்ணுக்குள். அதுவரை இடது காதில் ஓயாமல் இருந்த ஒரு மெல்லிய சத்தம், அது இருந்தது என்பதே இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, சட்டென்று நின்றது. தூரத்தில் தன் பெயர் கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுப்போமே. அப்படி நின்றது.

"ஆமீன்," என்றான் தவ்ஃபீக். பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ முணுமுணுத்தான். மரத்திலிருந்து சொட்டிய தண்ணீரில் அது சரியாகக் கேட்கவில்லை.

"ஒன்னுமில்லக்கா. மழைக்கு மண்ணு கொஞ்சம் உள்வாங்கிக் கீது. அவ்ளோதான். நாளிக்கி ஒரு கூட மண்ணு போட்டுட்றேன். கெளம்பறேன்."

"சொன்னியா அவ கிட்ட?"

"சொன்னேன்."

"இன்னான்னு?"

"பஞ்சு, மெசினுன்னு எப்டிக்கா சொல்றது? வாயில வர்ல. நவ்ரீ கேட்டாண்ட நிக்கிறான்னு சொன்னேன். உனுக்காவத்தான் வந்திருக்கான்னு."

அவன் நடக்க ஆரம்பித்தான்.

அடக்கிவிட்டுத் திரும்புகிறவர்களின் செருப்புச் சத்தம் மையத்துக்குக் கேட்கும் என்பார்கள். நவ்ரீன் இப்போது அதைக் கேட்டாள், அக்கா கேட்ட இடத்திலிருந்து. தொம். தொம். கொஞ்சம் தேய்ந்து, இன்னும் தேய்ந்து. ஒரு மாதத்துக்கு முன்னால் நூறு செருப்புகள் இப்படித்தான் போயிருக்கும். ஒவ்வொன்றாக. எல்லோரும். கடைசியில் தம்பியுடையதும். அதன் பிறகு ஒன்றுமே இல்லாமல். அவள் அழ ஆரம்பித்தாள். தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டோம். விட்டுவிட்டு வந்துவிட்டோம் உன்னை.

செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

அப்புறம் தேயவில்லை.

நவ்ரீன் அழுகையை நிறுத்தினாள். இடது காதில் துணி இழுபட்டது. ஈரத் துணி, நீளமாக. பிறகு அடைப்பு போயிற்று. அந்தக் கம்பளிகளை யாரோ ஒரே இழுப்பில் விலக்கிவிட்டார்கள். தூறல் தெளிவாகக் கேட்டது. காற்று கேட்டது. மசூதியின் மக்ரிப் பாங்கு, வலது காதிலும் இடது காதிலும் ஒரே மாதிரி, வெட்டவெளியில் கேட்டது.

சொதக். சொதக். தவ்ஃபீக்கின் செருப்பு. தேயவில்லை. கூடவுமில்லை. ஒரே அளவு. அந்தச் சத்தத்தைக் கேட்கிற காது அவன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

வெள்ளைச் சட்டை பெரிதாகிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் இருட்டு. இருட்டு மட்டும்தான்.

"தவ்ஃபீக்!"

அவள் கூப்பிட்டது அவள் காதிலேயே கேட்டது. இடது காதில். தூரத்திலிருந்து, கேட்டுப் பக்கத்திலிருந்து, ஒரு பெண் கூப்பிடுகிற குரல்.

"இன்னாக்கா? வந்துட்டேன்ல?"

"திரும்பிப் பாக்காத. வா."

"ஏன், இன்னா?"

"வா."

அவன் கேட்டைத் திறந்தான். கீல் கிறீச்சிட்டது. மூடினான். கீல் இன்னொரு தரம் கிறீச்சிட்டது. அது இடதில் மட்டும்தானா, இரண்டிலுமா, அவளுக்குத் தெரியவில்லை. கற்பூர வாசனை. ஈர மண் வாசனை. மழை பெய்தால் எங்கும் மண் வாசனைதானே வரும்.

"அழுதியா?" என்றான் தம்பி. "மூஞ்ச தொட. அம்மா பாத்தா அதுவும் அழுவ உக்காந்துடும். சரி, தூங்கறாளா? கேட்டுச்சா எதுனா?"

கழற்றி எறிந்துவிடலாம். கை காதுவரை போனது. இடது காதில் தன் விசும்பல் கேட்டது. பக்கத்தில். கை எட்டும் தூரத்தில் நின்று யாரோ கேட்டுக்கொண்டிருக்கிற விசும்பல். அவள் கையை இறக்கிக்கொண்டாள். ஒருமுறை தனியாகப் போக விட்டாயிற்று. இன்னொரு முறை முடியாது.

"வூட்டுக்குப் போலாம்டா," என்றாள்.

தவ்ஃபீக் பைக்கை உதைத்தான். அவள் பின்னால் ஏறினாள். பின் டயர் சேற்றில் அழுந்தியது.

மறுபடியும் அழுந்தியது.

"நேரா உக்காரேன்க்கா, வண்டி ஒரு பக்கமா இழுக்குது."

அவள் அசையவில்லை. வண்டி ரயில்வே சுவரை ஒட்டி, விளக்கில்லாத ரோட்டில் போனது. எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. முதுகில் அடிக்கவேண்டிய குளிர் அடிக்கவில்லை. இடது காதில் இஞ்சின் சத்தம். காற்று. பிறகு அவை இரண்டும் மெல்ல விலகி, உள்ளே, அடியில், வேறொன்று கேட்க ஆரம்பித்தது.

டுப். டுப். டுப்.

நிற்காமல், ஒரு பிசகும் இல்லாமல். அது அவளுடைய இதயம்தான். அவள் முதுகில் அழுந்தச் சாய்ந்திருந்த ஒரு காதுக்குள் அது எப்படிக் கேட்குமோ, அப்படிக் கேட்டது.